"இடிஞ்சா நமக்கென்ன?" என்று கேட்டவர்களுக்கு

 

நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். கோபம் வந்தால் கடைசி வரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன கிழமை நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் ஒருவர், காலிமுகத்திடலில் இருக்கும் பழைய பாராளுமன்றக் கட்டிடத்தின் படத்தைப் போட்டு, "இதெல்லாம் கவனமாகப் பாதுகாக்க வேண்டிய கட்டிடம்" என்று எழுதியிருந்தார். அதற்கு வந்த பதில்களில் மூன்று இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

ஒன்று: "நம்மள நாடத்தவங்க ஆக்கின கட்டிடம். அது இடிஞ்சா நமக்கென்ன?"

இரண்டு: "இங்க லயத்துக் கூரை ஒழுகுது. கொழும்புக் கட்டிடத்துக்கு அழ எங்களுக்கு நேரமில்ல."

மூன்று, நான் ஒரு வார்த்தை சொன்னதும் வந்தது: "சேர், இது எங்க சனத்தோட பிரச்சினை. உங்களுக்கென்ன இதுல?"

மூன்றுக்கும் பதில் இருக்கிறது. குரூப்பில் சொன்னால் இரண்டு வரியில் சண்டையாக முடியும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கட்டிடம் எது என்று தெரிந்துகொள்வோம். கொழும்புக்குப் போனால் காலிமுகத்திடலின் வடக்கு முனையில், கடலைப் பார்த்துக்கொண்டு, பெரிய பெரிய தூண்களோடு நிற்கிறதே, அதுதான். இப்போது ஜனாதிபதி செயலகம். 1930 ஜனவரி 29ஆம் திகதி ஆளுநர் ஹெர்பர்ட் ஸ்டான்லி திறந்து வைத்தார். அதற்கு முன் சட்டவாக்க சபை கூடியது கோட்டையில், இன்று வெளிவிவகார அமைச்சு இருக்கும் கட்டிடத்தில். 1931இல் டொனமூர் யாப்பின்படி வந்த அரசாங்க சபை இந்தப் புதிய கட்டிடத்தில் கூடியது. 1947இலிருந்து பாராளுமன்றம். 1982 ஏப்ரலில் கோட்டேயில், ஜெஃப்ரி பாவா வடிவமைத்த புதிய பாராளுமன்றம் திறக்கப்படும் வரை இந்த நாட்டின் சட்டங்கள் காலிமுகத்திடலில்தான் பிறந்தன. 1983 முதல் அது ஜனாதிபதி செயலகம்.

இந்த அளவு பாடப்புத்தகத்திலேயே கிடைக்கும். அந்தச் சபையில் நம்ம மலையிலிருந்து யார் போய் உட்கார்ந்தார்கள் என்று கேட்டால்தான் சிக்கல். வகுப்பில் டொனமூர் என்று சொன்னால் பிள்ளைகள் ஆண்டோடு சொல்வார்கள். சோல்பரி என்றால் குறிப்போடு சொல்வார்கள். "1931இல் ஹட்டன் ஆசனத்துக்கு யார் தெரிவானார்?" என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ஹட்டனிலேயே பிறந்த பிள்ளைகள்!

பதில்: பெரி சுந்தரம். தெரிவானது மட்டுமில்லை, தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராகவும் இருந்தார். தலவாக்கலைக்கு எஸ். பி. வைத்திலிங்கம். அப்போதைய அமைச்சர் குழுவில் உள்நாட்டு அமைச்சர்கள் மொத்தம் 7 பேர். அந்த ஏழில் ஒருவர் ஹட்டன் உறுப்பினர். இன்னொருவர் மட்டக்களப்பிலிருந்து தெரிவான மாக்கான் மாக்கார், போக்குவரத்து, பொது வேலைகள் அமைச்சர். ஒரு மலையகத் தமிழரும் ஒரு முஸ்லிமும் இந்த நாட்டின் முதல் அமைச்சர்கள் வரிசையில், அந்தக் கட்டிடத்தில் இருந்தார்கள். இதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

1936இல் ஹட்டனுக்கு கோ. நடேசய்யர் வந்தார். தோட்டத்துக்குள் கால் வைக்கவே துரைமார் தடுத்த மனிதர். தொழிற்சங்கம் கட்டினார், பத்திரிகை நடத்தினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மையார் பாட்டுக் கட்டிப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். லயத்து ஆட்களின் சம்பளமும் கடனும் கங்காணி முறையும் அந்தத் தூண்களுக்குப் பின்னால் பேசப்பட்டது அவரைப் போன்றவர்களால்தான். 1937இல் பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞர் தோட்டத் தொழிலாளர் பக்கம் நின்று பேசினார் என்பதற்காக ஆளுநர் அவரை நாடு கடத்த உத்தரவு போட்டார். அந்த உத்தரவை அரசாங்க சபை கண்டித்ததும் அங்கேதான்.

பிறகு 1947 தேர்தல். இலங்கை இந்தியன் காங்கிரஸிலிருந்து 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். பெயர்களை ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். நுவரெலியா: சௌ. தொண்டமான். தலவாக்கலை: சி. வி. வேலுப்பிள்ளை. கொட்டகலை: கே. குமாரவேலு. மஸ்கெலியா: ஜி. ஆர். மோத்தா. நாவலப்பிட்டி: கே. இராஜலிங்கம். பதுளை: எஸ். எம். சுப்பையா. அளுத்நுவர: டி. இராமானுஜம்.

ஏழு பேர். கொழுந்து பறித்தவர்களும் கவ்வாத்து வெட்டியவர்களும் போட்ட வாக்கு. அடுத்த பொதுத் தேர்தல் 1952. அதில் எத்தனை? ஒன்றுமில்லை. இந்த ஏழுக்கும் பூச்சியத்துக்கும் இடையில் நடந்தது அத்தனையும் அந்த ஒரே மண்டபத்தில்தான் நடந்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். தகப்பன் இந்த நாட்டில் பிறந்தவர் என்று காட்டு என்றது. பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத தோட்டத்தில் தகப்பனின் பிறப்புக்கு எங்கே போவது? அடுத்தது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க, இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். கல்யாணம் கட்டியவர் 7 வருடமும் கட்டாதவர் 10 வருடமும் 1946 ஜனவரி 1க்கு முன்னால் தொடர்ச்சியாக இங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். பிறகு அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம். பிரஜை இல்லாதவனுக்கு வாக்கு இல்லை. முடிந்தது கதை.

8 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களுக்காக 2 இலட்சத்து 37 ஆயிரம் அளவில் விண்ணப்பங்கள் போயின. பத்துப் பன்னிரண்டு வருடம் இழுத்தடித்துக் கிடைத்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது, நாடற்றவர் என்று கணக்கெடுத்துப் பங்கு போடப்பட்ட ஆட்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம். அதில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று எழுதினார்கள். அரிசி மூட்டையைப் பிரிப்பது மாதிரி. தலைமன்னாருக்குப் போன ரயிலை இன்னும் மறக்காத பெரியவர்கள் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். "நம்மள நாடத்தவங்க ஆக்கின கட்டிடம். அது இடிஞ்சா நமக்கென்ன?"

அண்ணே, அந்தக் கட்டிடம் நம்மை ஒன்றும் செய்யவில்லை. உள்ளே கை உயர்த்திய மனிதர்கள் செய்தார்கள். அந்த மனிதர்கள் போய்விட்டார்கள். நடந்த இடம் மட்டும்தான் மிச்சம். அதுவும் இடிந்து போனால் யாருக்கு லாபம்? "அப்படி எல்லாம் ஒன்றும் நடக்கவில்லை, உங்களுக்குக் குடியுரிமை கொடுத்துத்தானே இருக்கிறோம்" என்று நாளைக்குச் சொல்லப்போகிறவனுக்கு லாபம். திருட்டு நடந்த வீட்டை, திருட்டுக் கொடுத்தவனே கொளுத்துவானா?

இன்னொன்று. பறித்தது மட்டும் அங்கே நடக்கவில்லை. எதிர்த்ததும் அங்கேதான் நடந்தது. அந்த ஏழு பேரும் எழுந்து நின்று பேசினார்கள். இடதுசாரிகள் நமக்காக எதிர்த்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் சிங்களவர்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். செல்வநாயகம் எதிர்த்தார். அவர் இருந்த கட்சியின் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்து இரண்டாவது சட்டத்துக்கு ஆதரவு கொடுத்தார். அந்தப் பிளவில்தான் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. நம் பக்கம் நின்றவன் யார், நிற்காதவன் யார் என்பதை இனத்தை வைத்துச் சொல்ல முடியாது என்பதற்கு அந்தச் சபையை விடப் பெரிய சாட்சி வேறில்லை.

தொண்டமான் 1947இல் வாக்கு வாங்கி அந்தச் சபைக்குப் போனார். இடையில் 60களில் நியமன உறுப்பினராக இருந்தார். திரும்ப மக்கள் வாக்கில் தெரிவாகி அதே சபைக்குள் நுழைந்தது 1977இல், நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து. முப்பது வருடம்! ஒரு சமூகம் வாசலுக்கு வெளியே நின்ற காலத்தை அளக்க நமக்கு இருக்கும் அளவுகோல் அந்தக் கட்டிடம். அதை இடி என்கிறீர்கள்.

தென்னாபிரிக்காவைப் பாருங்கள். நிறவெறிச் சட்டங்களை எல்லாம் நிறைவேற்றியது கேப்டவுன் பாராளுமன்றம். கறுப்பின மக்கள் ஆட்சிக்கு வந்ததும் அதை இடிக்கவில்லை. அங்கேயே போய் உட்கார்ந்தார்கள். 2022 ஜனவரி 2ஆம் திகதி அந்த வளாகத்தில் தீப்பிடித்து, தேசிய சபை மண்டபம் எரிந்தது. பழைய சபைக் கட்டிடத்தின் கூரை சரிந்தது. "நல்லது, எரியட்டும்" என்று அந்த நாடு கொண்டாடவில்லை, துக்கப்பட்டது. தீயணைக்கத் தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பின் வால்வு மூடிக் கிடந்தது என்று நகராட்சியின் ஆரம்ப அறிக்கை சொன்னது. ஒரு வால்வு. இத்தனை வருடச் சரித்திரத்துக்குக் காவல் ஒரு வால்வு, அதையும் யாரும் திறந்து பார்க்கவில்லை. பராமரிப்பு என்பது அந்த வால்வு மாதிரியான சின்ன வேலைகள்தான். வெள்ளை பூசி விளக்குப் போடுவதைப் பராமரிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நம்ம நாட்டுக்கு வருவோம். 2022இல் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஏப்ரல் 9இலிருந்து இந்தக் கட்டிடத்தின் வாசலில்தான் போராட்டம். ஜூலை 9இல் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள்ளும் அலரி மாளிகைக்குள்ளும் செயலகத்துக்குள்ளும் போனது. ஜூலை 22 விடியற்காலையில் இராணுவம் வந்து அடித்துக் கலைத்தது. போராடியது சரியா பிழையா என்ற விவாதத்துக்கு நான் இப்போது வரவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒரு செய்தியைக் கவனித்தீர்களா? ஜனாதிபதி மாளிகையிலும் அலரி மாளிகையிலும் இருந்து பழம்பொருட்கள் உட்பட 1000க்கும் மேற்பட்ட பெறுமதியான பொருட்களைக் காணவில்லை என்று பொலிஸார் சொன்னார்கள். சரி, எவை எவை காணாமல் போயின? அதற்குத்தான் பதிலில்லை. ஜனாதிபதி மாளிகை தொல்பொருள் முக்கியத்துவமுள்ள இடமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருந்தும், உள்ளே இருந்த பழம்பொருட்களின் விரிவான பட்டியல் தொல்பொருள் திணைக்களத்திடம் இல்லை என்று அதே செய்தியில் இருந்தது.

ஆசிரியர்கள் இதை வாசித்துச் சிரிக்கத்தான் வேண்டும். நம் பாடசாலையில் கால் உடைந்த கதிரைக்குக்கூட இலக்கம் போட்டிருக்கிறது. வருடக் கடைசியில் அதிபர் ஒரு குழுவைப் போட்டு மேசை, கதிரை, கரும்பலகை, விளையாட்டுப் பொருள் எல்லாவற்றையும் எண்ண வைக்கிறார். ஒரு வலைப்பந்து குறைந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். மலை உச்சியில் இருக்கும் பள்ளிக்கூடத்தின் வலைப்பந்துக்கு இருக்கும் கணக்கு, நாட்டின் முதல் வீட்டில் இருந்த சரித்திரப் பொருட்களுக்கு இல்லை. பட்டியல் இல்லாத பொருள் எப்போதோ காணாமல் போன பொருள்தான். கலவரம் நடந்த அன்று அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

சட்டத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பழங்காலச் சின்னத்துக்கு எல்லையாக வைத்திருக்கும் திகதி எது தெரியுமா? 1815 மார்ச் 2. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்கு முந்தியது என்றால் தானாகவே பாதுகாப்புக்குள் வரும். பிந்தியது என்றால் யாராவது முன்வந்து தனியாக வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். நம் ஆட்கள் வந்த கணக்கு 1823இலிருந்து. லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டது 1867இல். நாம் இந்த நாட்டில் செய்தது, கட்டியது, எழுதியது, கையெழுத்து வைத்தது எல்லாமே அந்தத் திகதிக்குப் பிறகு. அப்படியென்றால் மலையகத்தின் எந்தப் பொருளும் தானாகப் பாதுகாக்கப்படாது. யாராவது கேட்டால்தான் உண்டு. கேட்க வேண்டிய நாம் "இடிஞ்சா நமக்கென்ன" என்கிறோம்.

2023இல் நுவரெலியா தபால் நிலையத்தை ஹோட்டலுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்றதும் என்ன நடந்தது? 1894இல் கட்டிய சிவப்புச் செங்கல் கட்டிடம். தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இதே குரூப்பில் எத்தனை பேர் படம் போட்டு "எங்கள் அடையாளம்" என்று எழுதினீர்கள்! அந்தத் தபால் நிலையத்தில் நாம் முத்திரை வாங்கினோம். காலிமுகத்திடல் மண்டபத்தில் நம் தலையெழுத்தையே எழுதினார்கள். எது பெரிய அடையாளம்?

இரண்டாவது கேள்வி. "லயத்துக் கூரை ஒழுகுது." இதைச் சொன்ன தம்பி தோட்டத்தில்தான் இருக்கிறார். அவர் சொன்னதில் பொய் இல்லை. என் மாணவர்கள் மழை நாளில் நனைந்த கொப்பியோடு வருவது அந்தக் கூரையால்தான். ஆனால் தம்பி, அந்தக் கூரை ஏன் இன்னும் ஒழுகுகிறது என்று யோசித்தீர்களா? நாட்டில் மற்ற எல்லோருக்கும் வீட்டுத் திட்டமும் காணியும் பள்ளிக்கூடமும் வந்த காலத்தில் நமக்கு வாக்கு இல்லை. வாக்கு இல்லாதவன் கூரையை எந்த அரசியல்வாதி பார்க்கப் போகிறான்? கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது, அதே அரசாங்க சபையில் பேசி வந்ததுதான். தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுத்தது 70களில்தான். இடையில் ஒரு தலைமுறை முழுதும் பெரட்டுக்களத்திலேயே வளர்ந்தது. உங்கள் கூரையின் ஓட்டையும் அந்த மண்டபத்தின் சரித்திரமும் ஒரே கயிற்றின் இரண்டு நுனி.

இன்றைக்குக் காணி கேட்கிறோம். 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே போனோம். நமக்குக் காணி தர வேண்டும் என்று எதை வைத்துக் கேட்கிறோம்? நடந்த அநியாயத்தை வைத்து. அந்த அநியாயத்துக்கு ஆதாரம் எங்கே? ஹன்சாட்டில், சட்டப் புத்தகத்தில், அந்த விண்ணப்பக் கோவைகளில், அது நடந்த மண்டபத்தில். கூரைக்காகப் போராடுகிறவனுக்குத்தான் இந்த ஆதாரம் முதலில் வேண்டும்.

கடதாசியின் பெறுமதியை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏழு வருடம் இங்கே இருந்ததைக் காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் நாட்டை இழந்த சனம் நாம். செக்ரோலில் பெயர் பிழையாக எழுதப்பட்டதால் இன்றுவரை சேமலாப நிதிக்கு அலைகிற ஆட்கள் நம் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட நாம் கடதாசி விஷயத்தில் அலட்சியமாக இருக்கலாமா?

மூன்றாவது கேள்வி என்னைப் பார்த்து. "உங்களுக்கென்ன இதுல?"

சட்டத்தின் பெயரை இன்னொருமுறை வாசியுங்கள். இந்திய, பாகிஸ்தானிய வதிவோர். குடிசன மதிப்பீட்டில் "இந்தியச் சோனகர்" என்று ஒரு பிரிவே இருந்தது. காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் வந்து ஹட்டனிலும் நுவரெலியாவிலும் நாவலப்பிட்டியிலும் கடை போட்ட எத்தனையோ குடும்பங்களும் அதே படிவத்தைத்தான் நிரப்பின. தோட்டத்துச் சம்பள நாளை நம்பித்தான் பஜாரில் கடை திறந்தது. தோட்டத்து வாக்குப் போனபோது பஜாரின் குரலும் சேர்ந்துதான் போனது. பிரேக்கள் எல்லாவற்றையும் விட, நான் இந்த மலையில் பிறந்து இந்த மலைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவன். இது என் பிரச்சினை இல்லை என்றால் வேறு எது என் பிரச்சினை?

எங்கள் ஆட்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அந்தச் சட்டங்கள் வந்த நாட்களில் முஸ்லிம் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் என்ன பேசினார்கள், எந்தப் பக்கம் வாக்களித்தார்கள் என்பதும் ஹன்சாட்டில் இருக்கிறது. அது இனித்தாலும் கசந்தாலும் வாசிக்க வேண்டும். நமக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடுகிறவனுக்குச் சரித்திரம் பேச உரிமை இல்லை.

இனி நம் தலைவர்மாருக்கு. கட்சி பேதம் இல்லாமல் எல்லோருக்கும்தான்.

பழைய பாராளுமன்ற வளாகத்தில் அமரர் தொண்டமானின் சிலை இருக்கிறது. விசேட நாட்களில் போகிறீர்கள், மாலை போடுகிறீர்கள், படம் எடுக்கிறீர்கள், வருகிறீர்கள். போடுங்கள், அவருக்கு அந்த மரியாதை உரியதுதான். ஆனால் மாலை போட்ட கையோடு, சிலைக்குப் பின்னால் இருக்கும் கட்டிடத்தைத் திரும்பிப் பார்த்து ஒரு கேள்வியாவது கேட்டீர்களா? அவர் உட்கார்ந்த மண்டபம் இப்போது எப்படி இருக்கிறது? கூட இருந்த மற்ற ஆறு பேரின் பெயர் உள்ளே எங்காவது நம் மொழியில் இருக்கிறதா? மாலை அடுத்த நாளே வாடிவிடும். கேள்வி வாடாது. அதுதான் பயமோ தெரியவில்லை.

குறை சொல்லிவிட்டுப் போகிறவன் நான் இல்லை. கேட்க வேண்டியவற்றைத் தெளிவாகவே சொல்கிறேன்.

1. பழைய பாராளுமன்றக் கட்டிடத்துக்குள் இருக்கும் தளபாடம், படம், புத்தகம், ஆவணம் எல்லாவற்றுக்கும் இலக்கமிட்ட பட்டியல் ஒன்று வேண்டும். கோட்டேக்கு மாறியபோது எவை அங்கே போயின என்பதும் அதில் வேண்டும். 1949இல் பிரித்தானிய மக்கள் சபை அன்பளிப்பாகத் தந்த செங்கோல் இன்றும் கோட்டேயில் சபாநாயகருக்கு முன்னால் வைக்கப்படுகிறது. அதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். மற்றவையும் அதே மாதிரிக் கணக்கில் வர வேண்டும். பட்டியல் பொதுமக்கள் பார்க்கக் கூடியதாக, மூன்று மொழியிலும் இருக்க வேண்டும்.

2. அந்த மண்டபத்தின் வாசலில் 1948, 1949 சட்டங்களைப் பற்றியும், அவற்றை எதிர்த்தவர்களைப் பற்றியும், 1931 முதல் மலையகத்திலிருந்து வந்த உறுப்பினர்களைப் பற்றியும் ஒரு விளக்கப் பலகை வேண்டும். 1956இன் தனிச் சிங்களச் சட்டமும் அங்கேதான் நிறைவேறியது, எதிரே காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் அடிபட்டார்கள். அதுவும் பலகையில் வரட்டும். நல்லதை மட்டும் எழுதுவதற்கு அது கல்யாண அழைப்பிதழ் இல்லை.

3. பெரி சுந்தரமும் நடேசய்யரும் அரசாங்க சபையில் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள், ஏனென்றால் அதுதான் அந்தச் சபையின் மொழி. அந்த ஏழு பேரின் குடியுரிமை விவாத உரைகளும் சேர்த்து நல்ல தமிழில் ஒரு புத்தகமாக வர வேண்டும். ஒவ்வொரு தோட்டப் பாடசாலை நூலகத்துக்கும் ஒரு பிரதி.

4. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் போன அந்த 2 இலட்சத்துச் சொச்சம் விண்ணப்பக் கோவைகள் நம் குடும்பங்களின் சரித்திரம். அவை எங்கே, என்ன நிலையில் இருக்கின்றன என்பதை அரசாங்கம் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். தேசிய சுவடிகள் திணைக்களம் அவற்றைப் பொறுப்பெடுத்து ஸ்கேன் செய்ய வேண்டும்.

5. கோட்டே பாராளுமன்றத்தைப் பார்க்கப் பாடசாலைப் பிள்ளைகள் போகிறார்கள். தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காலிமுகத்திடல் மண்டபத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும், பஸ் செலவோடு. பறித்த இடம் ஒன்று. 1988இலும் 2003இலும் குடியுரிமைச் சட்டங்கள் நிறைவேறிய இடம் மற்றது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்த பிள்ளைக்குக் குடியியல் பாடம் தனியாக எடுக்கத் தேவையில்லை.

இதற்கெல்லாம் எம்.பி.மார் வாய் திறக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எந்தப் பிரஜையும் எந்த அரச நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கும் தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கு மேல் ஆணைக்குழு உண்டு. ஜனாதிபதி செயலகத்துக்கு ஒன்று, தொல்பொருள் திணைக்களத்துக்கு ஒன்று, சுவடிகள் திணைக்களத்துக்கு ஒன்று. மூன்று கடிதம். நான் எழுதுகிறேன். என்னோடு ஊருக்கு ஒருவராவது எழுதுங்கள். ஒரு ஆசிரியர் கேட்டால் கோவையில் போட்டுவிடுவார்கள். ஹட்டனிலிருந்தும் கொட்டகலையிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் ஒரே கேள்வி போனால் பதில் எழுத ஆள் தேடுவார்கள்.

கடைசியாக, கொழும்பைக் குறை சொல்கிற நாம் நம் வீட்டைப் பார்ப்போம். பள்ளிவாசலைப் பெரிதாகக் கட்டும்போது பழைய பதிவுப் புத்தகங்கள் எங்கே போகின்றன? கோயில் கும்பாபிஷேகத்தில் பழைய திருவிழாக் கணக்குகள் எங்கே போகின்றன? தோட்டத்து ஒபிஸ் பழைய செக்ரோல்களைத் தூக்கிப் போடும்போது யாராவது போய் ஒன்றை எடுத்து வைத்தோமா? அப்பச்சியின் பிரஜாவுரிமைச் சான்றிதழ், பழைய இந்தியக் கடவுச்சீட்டு, துண்டு, தொழிற்சங்கச் சந்தா ரசீது, எது இருந்தாலும் எறியாதீர்கள். லெமினேட் பண்ணாதீர்கள், அது கடதாசியைச் சாகடித்துவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது. டேப் ஒட்டாதீர்கள். ஈரச் சுவரிலிருந்தும் அடுப்புப் புகையிலிருந்தும் தள்ளி, ஒரு காய்ந்த கடதாசி உறையில் போட்டுத் தகரப் பெட்டியில் வையுங்கள். நம் ஊர்ப் பனிக்கும் பூஞ்சணத்துக்கும் இதுதான் முதல் மருந்து. போனில் ஒரு படம் எடுத்து, யாருடையது, எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று எழுதி வையுங்கள். எடுக்கத் தெரியாதவர்கள் என்னிடம் கொண்டு வாருங்கள், சனிக்கிழமைகளில் நானும் என் மாணவர்களும் எடுத்துத் தருகிறோம். அசல் உங்களிடமே இருக்கட்டும்.

அந்தக் கட்டிடத்தை விரும்புங்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. அது நம்முடைய வழக்கின் சாட்சி. வழக்கு இன்னும் முடியவில்லை. முடியும் வரைக்கும் சாட்சியைக் காப்பாற்ற வேண்டியது வழக்குப் போட்டவனின் பொறுப்பு.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். "உங்களுக்கென்ன" என்பதைத் தவிர எதற்கும் பதில் சொல்வேன். அதற்கு ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

கடிதம் எழுத விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் வாருங்கள், மாதிரி அனுப்புகிறேன். மற்றவர்கள் பகிருங்கள்.